இனிப்பு வேர்க்கம்பு

எங்கள் பகுதியில் வயிற்றுக்குள் என்ன நடந்தாலும் அதன் பெயர் கேஸ்ட்ரைட்டிஸ்தான். பசித்தால் கேஸ்ட்ரைட்டிஸ், சாப்பிட்டால் கேஸ்ட்ரைட்டிஸ், மாமியார் வந்து ஒரு கிழமை தங்கினாலும் கேஸ்ட்ரைட்டிஸ். சுனாமிக்குப் பிறகு அது இன்னும் பெருகியது. கடல் வந்துபோன ஊர்களில் வீடு இல்லாதவர்கள் இருந்தார்கள், வள்ளம் இல்லாதவர்கள் இருந்தார்கள், கேஸ்ட்ரைட்டிஸ் இல்லாதவர் என்று ஒருவரையும் நான் காணவில்லை. ஆகவே நிவாரணத்துக்கு வந்த நிறுவனங்களில் ஒன்று, வள்ளமும் தையல் மெஷினும் கொடுத்து முடித்த பிறகு, எங்கள் வயிற்றைக் கையில் எடுத்தது.

நான் அப்போது மட்டக்களப்பு நகரத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு தேற்றாத்தீவில். என் கணவர் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். கடல் வந்த அன்று தண்ணீரில் அள்ளுண்டு வந்த யாருடைய வீட்டுக் கதவோ அவருடைய முழங்காலில் மோதியது. உயிர் தப்பியது, முழங்கால் தப்பவில்லை. அன்றிலிருந்து அவர் நோவுக்குக் குளிசை விழுங்கத் தொடங்கினார். காலையில் வெறும் வயிற்றில், பிளேன்ரீயோடு. வெறும் வயிற்றில் அந்தக் குளிசை போனால் இரைப்பைச் சுவரை அரிக்கும் என்று நான் சொன்னேன். படம் கீறியும் காட்டினேன்.

"நீ பள்ளிக்கூடத்துப் புள்ளையளுக்குப் படிப்பி. எனக்குப் படிப்பியாத," என்றார்.

கொஞ்ச நாளில் நெஞ்சுக்குக் கீழே எரிவு வந்தது. மற்றவர்கள் நோவை மறைப்பார்கள், இவர் தன் வயிற்றைப் பற்றிப் பஸ் கொண்டக்டருக்கும் விளக்கம் சொல்லுகிற ஆள். அதனால் ஊர் முழுக்க வைத்தியம் பொழிந்தது. வல்லாரை, மணத்தக்காளி, முட்டைக்கோவா இலைச் சாறு, வாழைக்காயைக் காயவைத்து இடித்த மா, செவ்விளநீர். பக்கத்து வளவில் கள்ளுச் சீவுகிறவர் தன் பொருளையும் மருந்தாகச் சிபாரிசு செய்தார். என் கணவர் எதையும் மறுத்தவரில்லை. குளிசையை மட்டும் நிறுத்தமாட்டேன் என்று நின்றார்.

இந்த நேரத்தில்தான் அந்த நிறுவனத்தின் பயிற்சிப்பட்டறை வந்தது. அலுவலகத்திலிருந்து என் கணவரை அனுப்பினார்கள். வயிறு சம்பந்தப்பட்ட விசயத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அலுவலகத்தில் இருக்கவில்லை என்பதை நானும் ஒத்துக்கொள்ளுகிறேன். எனக்கு இங்கிலீசு வரும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டறையை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல மனசுக்காரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு இளைஞர், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். பெரிய வெள்ளைத் தாள்களையும் கலர் பேனைகளையும் கையில் தந்து, எல்லோரும் தங்கள் தங்கள் வயிற்றைக் கீறும்படி சொன்னார்கள். கடற்தொழில் செய்கிற ஒருவர் தாள் முழுக்கக் கடலைக் கீறி வைத்திருந்தார். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தாளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார், இந்த மனிதருடைய உள்ளே இன்னும் கடல் கொந்தளிக்கிறது என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார். இளைஞரும் குரல் தழுதழுக்க அதை மொழிபெயர்த்தார்.

"எனக்கு வயிறு கீறத் தெரியாகா. கடல்தான் கீறத் தெரியும்," என்று அந்த மனிதர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பாடு தந்தார்கள். வயிற்றுப் புண்ணைத் தவிர்ப்பது எப்படி என்ற வகுப்புக்குக் கோழிப் புரியாணி, பக்கத்தில் மிளகாய்ச் சம்பல். எனக்குப் பின்னேரம் ரியூசன் வகுப்பு இருந்தது, பார்சலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கடைசியில் எல்லோருக்கும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தார்களாம். அதை நான் காணவில்லை. என் கணவர் அதை மடித்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் எந்த நேரமும் எதையோ மென்றுகொண்டு திரிந்தார். என்னவென்று கேட்டால், "மருந்து, புள்ள. வெளிநாட்டுக்காரர் ஆராய்ஞ்சு சொன்ன மருந்து," என்பார். முகம் மட்டும் அழப்போகிற ஆளுடைய முகமாக இருக்கும். கண்ணிலிருந்து தண்ணீர் வடியும். பாக்குத் துண்டாக்கும் என்று நினைத்து நான் அதோடு விட்டுவிட்டேன், பரீட்சைத் தாள் திருத்துகிற காலம் அது.

ஒருநாள் காலையில் கிணற்றடியில் அவர் குந்தியிருந்து சத்தியெடுத்தார். கோப்பித் தூளைக் கரைத்து ஊற்றியதுபோலக் கறுப்பாக வந்தது. அதற்குப் பிறகு சிவப்பாகவும் வந்தது. ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் நான் அவரை ஏசிக்கொண்டே போனேன். ஏசாமல் விட்டிருந்தால் அழுதிருப்பேன்.

இரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பையில் புண் என்றார்கள். டொக்டர் இளம் ஆள், மட்டக்களப்புப் பிள்ளைதான்.

"ஐயா, நோவுக் குளிசை போட்டிங்களா?"

"ஓம்."

"வேற என்ன?"

"வேர்க்கொம்பு."

டொக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். சுக்குக்கு எங்கள் பக்கத்துப் பெயர் வேர்க்கொம்பு. தடிமலுக்குக் கொத்தமல்லியோடு அவித்துக் குடிப்போம், உறைப்பில் காது அடைக்கும். புண் வந்த வயிற்றுக்கு அதைத் துண்டு துண்டாக மென்று விழுங்க இந்த உலகத்தில் யார் சொல்லியிருப்பார்கள்?

என் கணவர் கட்டிலில் கிடந்தபடியே பொக்கற்றுக்குள் கையை விட்டு அந்தப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். நான் பறித்து வாசித்தேன். "இனிப்பு வேர்க்கம்பு வயிற்றின் உட்சுவரைப் பாதுகாக்கும். சிறு துண்டுகளாக மென்று சாற்றை விழுங்கவும்."

எனக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. இங்கிலீசில் இருந்தது அதிமதுரம். அந்த இளைஞருக்கு அதிமதுரம் என்ற சொல் தெரியவில்லை. அகராதியில் இனிப்பான வேர் என்று இருந்திருக்கும், படத்தில் கம்பு கம்பாக இருந்திருக்கும். இனிப்பு வேர்க்கம்பு என்று புதிதாக ஒன்றைப் படைத்துவிட்டார். எங்கள் மக்களோ அச்சுப்பிழையைத் திருத்தி வாசிக்கிற பெருந்தன்மை உள்ளவர்கள். கம்பு என்று இருந்ததைக் கொம்பு என்று தாங்களாகவே திருத்திக்கொண்டார்கள். இனிப்பு என்றதற்குச் சீனி தொட்டுக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரி விடுதியின் மறுகோடியில் இன்னொருவர் வயிற்றைப் பிடித்தபடி கிடந்தார், கடலைக் கீறிய அதே மனிதர். அவர் சீனிக்குப் பதில் பனங்கட்டி.

டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "டீச்சர், நோவுக் குளிசை இனி வேணாம். நான் தாற மருந்த ஒழுங்காப் போடோணும். இன்னொருக்கா இப்படி ரத்தம் போனா, என்னால ஒண்டும் சொல்ல ஏலாது." அவர் குரலில் மிரட்டல் இல்லை, அதனால்தான் எனக்குப் பயம் கூடியது. இனி என் கணவருக்கு இரத்தம் போகக்கூடாது. வீட்டில் வேறு எது நடந்தாலும் அதுதான் எனக்கு முதல் கவலை.

நான் நேரே அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். ஏசியைக் கூட்டிவிட்டார்கள், தேத்தண்ணி தந்தார்கள். என்னுடைய முறைப்பாடு மிகப் பெறுமதியானது என்றும், திட்ட அறிக்கையில் "கற்றுக்கொண்ட பாடங்கள்" என்ற பகுதியில் சேர்க்கப்படும் என்றும் சொன்னார்கள். என் கணவருடைய இரைப்பை அப்படி ஒரு பாடமானது.

அவர் வீட்டுக்கு வந்த கிழமை, கிளிநொச்சியிலிருந்து அவருடைய தம்பி பார்க்க வந்தார். அங்கே கலியாணம் கட்டி, ஒரு மகளோடு, அரிசி ஆலையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தவர். அப்போது வன்னிப் பாதை திறந்திருந்தது, சமாதானம் என்று அதற்குப் பெயர். அண்ணனும் தம்பியும் இரண்டு பேர்தான், தாய் தகப்பன் இல்லை. இவர்தான் அவரைத் தூக்கி வளர்த்தவர், இதையும் பஸ் கொண்டக்டருக்குச் சொல்லியிருக்கிறார். தம்பி ஒரு சீலைப் பை நிறைய அதிமதுரம் கொண்டுவந்திருந்தார். அங்கே ஒரு நாட்டு வைத்தியரிடம் கேட்டு வாங்கினாராம்.

"அண்ணன், இதான் சரியான சாமான். புண்ணுக்கு வேர்க்கொம்ப மெண்ட ஆள இப்பதான் காணுறன்," என்று சொல்லிச் சிரித்தார். என் கணவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்புகளில் அது ஒன்று.

தம்பி போன பிறகு அதிமதுரம் சாப்பாடானது. நோவுக் குளிசையை ஒருவழியாக விட்டிருந்தார், டொக்டரின் மருந்தையும் போட்டார், அதையும் மென்றார். எரிவு குறைந்தது. டொக்டரின் மருந்து என்று நான் சொன்னேன், தம்பியின் வேர் என்று அவர் சொன்னார். பை தீர்ந்தபோது ஏறாவூரில் ஒரு கடையில் வாங்கிப் பையை நிரப்பினார். அதற்குள் பாதையை மூடிவிட்டார்கள். சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. வாகரையிலிருந்து சனம் சட்டி பானையோடு எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தது, நிறுவனங்களும் அவர்களுடைய வயிற்றைத் தேடிப் போய்விட்டன. தம்பியிடமிருந்து எப்போதாவது ஒரு போன் வரும். முதல் கேள்வி எப்போதும் அண்ணனுடைய வயிறுதான். இவரும் விடாமல் அரைமணி நேரம் அதற்கு விடை சொல்லுவார்.

பிறகு இவருடைய முகம் ஊதத் தொடங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. பிரஷர் பார்த்த தாதி இரண்டாம் தரமும் பார்த்தார்.

இந்த வீக்கத்தின் கதை நான் பல்கலைக்கழகத்தில் படித்தது. அதிமதுரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்த இனிப்புப் பொருள் சும்மா இனிப்பு அல்ல. அது இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைத் தடிக்க வைக்கும், அதேநேரம் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பிரஷரை ஏற்றும். வெளிநாட்டு ஆய்வுகூடக்காரர்கள் அந்த இனிப்புப் பொருளிலிருந்து சர்க்கரைப் பகுதியை வெட்டி எறிந்தார்கள். மிஞ்சிய அமிலத்தின் ஒரு மூலையில் இன்னொரு சிறு அமிலத்தை ஒட்டவைத்து, புண்ணுக்கு மருந்தாக விற்றார்கள். புண் ஆறியது. நோயாளிக்குக் கால் வீங்கியது. வேரில் இருந்த குணமும் குற்றமும் இரண்டும் சேர்ந்தே மருந்துக்குள் வந்துவிட்டன. பிறகு வேறு கூட்டம் வந்து, வேரிலிருந்து அந்த இனிப்புப் பொருளை ஏறக்குறைய முழுவதுமே எடுத்துவிட்டு, மீதியைக் குளிசையாக அடித்தது. பிரஷர் ஏறாது. புண்ணை எவ்வளவு தூரம் ஆற்றும் என்று கேட்டால், விற்கிறவன் ஒன்று சொல்லுவான், டொக்டர் வேறொன்று சொல்லுவார்.

இதையெல்லாம் என் கணவருக்கு விளங்கப்படுத்தினேன். "தம்பி தந்தது எனக்கு ஒண்டும் செய்யாது," என்றார். இரசாயனவியலில் அதற்கு மறுப்பு இல்லை. நான் பையை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கோபம் வேரைப் பற்றியது அல்ல என்று எனக்குத் தெரியும், ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.

லண்டனில் இருக்கிற என் தங்கைக்குச் சொல்லி அந்த இனிப்பெடுத்த குளிசையில் ஒரு பெரிய போத்தல் எடுப்பித்தேன். நகரத்தில் பார்சலை வாங்கிக்கொண்டு வரும்போது சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் மருந்து கொண்டு திரிகிறவர் எல்லோரும் சந்தேகத்துக்குரியவர்கள். சிப்பாய் போத்தலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார். தினமும் என் பஸ்ஸைச் சோதிக்கிற இளம் பொடியன்.

"மே மொக்கத, டீச்சர்?" இது என்னவாம்.

"கேஸ்ட்ரைட்டிஸ் பெஹெத்," என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தைக் கூட்டி. பெஹெத் என்றால் மருந்து, அது அவருக்கு விளங்கியது.

போத்தலில் இருந்த வேரின் படத்தை உற்றுப் பார்த்தார். "வெல்மீ!" என்றார், முகம் மலர்ந்து. அதிமதுரத்துக்கு அவர்களுடைய பெயர். பிறகு துவக்கைத் தோளில் மாட்டிவிட்டுத் தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, அரைகுறைத் தமிழில் சொன்னார். "எனக்கும் கேஸ்ட்ரைட்டிஸ். ரொம்ப எரியுது."

போத்தலைத் திறந்து ஒரு பிடி எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். யோசித்துவிட்டு, மணல்மூட்டைக்குப் பின்னால் நின்ற நண்பனுக்கும் ஒரு பிடி எடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா என்று என்னிடம் கேட்டார். முன்னம் மென்று விழுங்கு, மிளகாயைக் குறை என்று நானும் சொல்லிவைத்தேன். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் கேட்டவனுக்குப் பிழையான விடை சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

மிஞ்சியதைக் கொண்டுவந்து வீட்டில் கொடுத்தேன். என் கணவர் ஒன்றை வாயில் போட்டு மென்று பார்த்தார்.

"இனிப்பில்லையே புள்ள."

"இனிப்ப எடுத்துத்தான் செஞ்சிருக்கு."

"அதிமதுரத்தில இருந்து மதுரத்த எடுத்தா அங்க என்னகா மிச்சம் இருக்கு?"

ஆனாலும் போட்டார். டொக்டரின் குளிசையோடு சேர்த்துப் போட்டார். வீக்கம் இறங்கியது, பிரஷர் இறங்கியது, எரிவும் பெரிதாக இல்லை. நான் கொஞ்சம் மூச்சுவிட்டேன்.

அடுத்த வருடம் வன்னியில் சண்டை இறுகியது. தம்பியின் போன் நின்றுவிட்டது. கடைசியாகப் பேசியபோது கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடுகிறோம் என்றார், எங்கே என்று சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு என் கணவர் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தார். தமிழில் கேட்பார், இங்கிலீசில் கேட்பார், சிங்களத்தில் கேட்பார். மூன்றிலும் மூன்று சண்டை நடந்தது.

சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு குளிசையையும் நிறுத்தினார். நான் தட்டில் எடுத்து வைத்தால் ஒதுக்கிவிடுவார்.

"அங்க அவன் என்னத்தத் திண்டானோ தெரியா. எனக்கு இஞ்ச வயித்துக்கு வைத்தியமா?"

"நீங்க சாப்பிடாம இருந்தா அவருக்கு அங்க சோறு கிடைக்குமா?" என்று கத்தினேன். அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். வயிற்றைப் பற்றி ஒரு நாளும் வாய் மூடாத மனிதர், எங்கே எரிகிறது என்று கேட்டாலும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பெரிய பயத்தைத் தந்தது. ஒருநாள் மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறது என்று கண்டுபிடித்தேன். திரும்பவும் கசியத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நான் போக, அவன் போன் எடுத்தா ஆர் கதைக்கிற?" என்றார்.

"நான் கதைக்கிறன்."

"அவன் என்னத் தேடுவான்."

சண்டை முடிந்தது என்று அறிவித்த அன்று பாடசாலையால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பஸ்ஸை மறித்து, வெற்றி கொண்டாடிப் பாற்சோறு கொடுத்தார்கள், வாழையிலைத் துண்டில், சதுரமாக வெட்டி. நாங்கள் எல்லோரும் யன்னலால் கையை நீட்டி வாங்கினோம். வாங்காத ஆள் யார் என்று பார்ப்பதற்கு ஒருவர் தனியாக நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு தேற்றாத்தீவு வரும்வரை அப்படியே இருந்தாள். நானும் சாப்பிடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை, இறங்கின இடத்தில் காகத்துக்கு வைத்தேன்.

அதற்குப் பிறகும் நாட்கள் போயின. எனக்குத் தெரிந்த எல்லா ஏச்சையும் ஏசித் தீர்த்துவிட்டேன். டொக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார், வாங்க ஐயா என்று கூப்பிட்டார், இவர் அசையவில்லை. நகம் வெளிறிப்போயிருந்தது. கதிரையிலிருந்து எழும்பினால் தலை சுற்றியது. இந்த மனிதர் போனுக்குப் பக்கத்திலேயே இருந்து என் கண் முன்னால் செத்துப்போகப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

ஒரு பின்னேரம் போன் அடித்தது. தெரியாத இலக்கம். அவர்தான் எடுத்தார். எங்கள் பழைய போனில் மறுபக்கத்துக் குரல் அறைக்கே கேட்கும்.

"அண்ணன், நான்தான்."

என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"முகாமில இருக்கம். இது வேற ஆக்கள்ட போன், கனக்கக் கதைக்க ஏலா. மூண்டு பேரும் இருக்கம் அண்ணன். மகளுக்குக் கையில காயம், மருந்து கட்டி மாறி வருது." கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். "உங்கட வயிறு எப்படி?"

எங்கிருந்து, எதையெல்லாம் கடந்து வந்து, அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி அது. என் கணவர் ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தார்.

"வயிறா? அது எப்பயோ மாறிட்டுடா. ஒரு எரிவும் இல்ல. நல்லாச் சாப்பிடுறன், உரல் மாதிரி இரிக்கன். நீ என்னப் பத்தி யோசியாத."

"உண்மையாவா அண்ணன்?"

"உண்மையாத்தான். மச்சாளட்டக் கேளு."

போனை என் பக்கம் நீட்டினார். கண்ணால் கெஞ்சினார். நான் அதை வாங்கி, "ஓம், உங்கட அண்ணன் நல்லா இருக்கார்," என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அவர் கதிரையில் இருந்து சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்து முகத்தைச் சாரத்தால் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓட்டோவக் கூப்பிடு புள்ள. ஆஸ்பத்திரிக்குப் போவம். அவன் வந்து பாக்கக்குள்ள நான் பொய் சொன்னவனா இருக்கக் கூடாது."